இருநூற்றைம்பது சொற்களுக்கு மிகாமல்

'உங்கள் திட்டத்தின் தேவையை விளக்குக.
இருநூற்றைம்பது சொற்களுக்கு மிகாமல்.'

கூடத்தின் பாய்லர் செத்துவிட்டது
என்று எழுதினேன். மூன்றே சொல் ஆயிற்று.
எஃபி பிரெம்னர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து,
"பாய்லருக்கு எவனும் காசு தரமாட்டான்,
வெதுவெதுப்பு மையம் என்று போடு" என்றாள்.
அவள்தான் பொருளாளர்.
சர்க்கரை நோய்க்காரி. ஒரு பிஸ்கட்டை நான்காக உடைத்து
நான்கையும் தின்பாள்.
கணக்கில் கெட்டி.

ஸ்காட்லாந்தின் வடகரையில்
வரைபடம் தீர்ந்துபோகும் இடத்தில் எங்கள் ஊர்.
செவ்வாய் மதியம் சூப்பு.
ஐந்து மேசை, மேசைக்கு எட்டுப் பேர்,
மூன்று பேர் எப்போதும் நின்றே குடிப்பார்கள்.
ஆகப் பயனாளிகள் நாற்பத்து மூன்று.

முதல் வரைவில் சாண்டிசன் இருந்தார்.
மேலங்கியைக் கழற்றாமல் சூப்புக் குடிப்பவர்.
கேட்டால், இதோ கிளம்பிவிட்டேன் என்பார்,
நாலு மணிவரை கிளம்பமாட்டார்.
வீட்டில் ஹீட்டர் போடுவதில்லை.
போட்டால் மீட்டர் ஓடுவது
தூக்கத்திலும் கேட்கிறதாம்.
அவருக்கு மட்டும் முப்பத்தொன்பது சொல் பிடித்தது.

எண்ணி எண்ணி வெட்டினேன்.
முதலில் மேலங்கி போயிற்று.
பிறகு நாலு மணி.
மீட்டரை ஓர் இரவு முழுக்க வைத்திருந்தேன்,
விடிந்ததும் அதையும் எடுத்தேன்.
கடைசியில் அவர்
'எரிபொருள் வறுமைக்கு உள்ளான முதியோர்'
என்பதற்குள் போய் உட்கார்ந்துகொண்டார்,
மேலங்கியோடுதான்.

'மாற்றத்தை எவ்வாறு அளப்பீர்கள்?'
தெர்மாமீட்டரால் என்று எழுதி அழித்தேன்.
'நிதி முடிந்தபின் எவ்வாறு தொடர்வீர்கள்?'
"இப்போது எப்படியோ அப்படி" என்றாள் எஃபி.
அதையே நீட்டி அரைப் பக்கமாக்கினேன்.

நான்கு அறக்கட்டளைகளுக்கு அனுப்பினோம்.
ஒன்று, ஹெர்ரிங் மீனில் பணம் பார்த்தவரின் விதவை தொடங்கியது,
கடலில் மாண்டவர் குடும்பத்துக்கு மட்டும்.
இப்போது எங்கள் ஊரில் கடலில் யாரும் சாவதில்லை,
கடலுக்கு யாரும் போவதில்லை.
இன்னொன்று, புதுமைக்கு மட்டுமே தரும்.
சூடு புதிதல்ல.
மூன்றாவது,
பன்னிரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால்
இல்லை என்று கொள்க என்றது.
கொண்டோம்.

நான்காவதிடமிருந்து ஏப்ரலில் கடிதம்.
கேட்டதில் முக்கால் பங்கு தருகிறார்கள்.
எஃபி இரண்டு தடவை வாசித்தாள்,
ஆனால் என்ற சொல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று.
மீதிக்குக் கேக் விற்றோம், ராஃபிள் நடத்தினோம்.
விஸ்கிப் புட்டியை ஜெயித்தவன் திருப்பிக் கொடுத்தான்,
அதையே மறுபடி ராஃபிள் விட்டோம்.
மறுபடியும் அவனே ஜெயித்தான்.
இந்தத் தடவை கொடுக்கவில்லை.

பாய்லர் அக்டோபரில் வந்தது.
சாண்டிசன் ஆகஸ்டில் போய்விட்டார்.
இதயம், என்றார் டாக்டர்.
குளிரில் போயிருந்தால்
விண்ணப்பத்தின் ஏதாவதொரு கட்டத்துக்குள் அடங்கியிருப்பார்.
அந்த வாரம் ஊரே
சட்டைக் கையை மடித்துவிட்டு நடந்தது.

இப்போது ஆண்டறிக்கை.
இலக்கு நாற்பத்து மூன்று. எட்டியது நாற்பத்திரண்டு.
'குறைவுக்குக் காரணம் கூறுக.'
இதற்குச் சொல் வரம்பு போடவில்லை.
எழுத எழுதக் கட்டம் கீழே நீள்கிறது.

பழைய வரைவைத் தேடி எடுத்து
முப்பத்தொன்பது சொல்லையும் அப்படியே ஒட்டினேன்.
அதற்கு மேல் என்ன எழுதுவது?
கூடம் சூடாக இருக்கிறது.
ஆணியில் இடம் போதாமல்
மேலங்கிகள் ஒன்றன்மேல் ஒன்று தொங்குகின்றன.
ஜன்னலோரம் ஒரு நாற்காலி காலி.
நின்று குடிக்கும் மூவரில்
இதுவரை யாரும் போய் உட்காரவில்லை.

அதையும் எழுதலாமா என்று கேட்டேன்.
எஃபி பிஸ்கட்டை உடைத்துக்கொண்டிருந்தாள்.