இடம் வலமாய் ஓர் ஊர்

நோட்டரி அலுவலகத்திலிருந்து வந்தது,
ஈரத்தில் உப்பிய பின்னட்டையோடு.
கண்ணாடி மாற்ற எண்ணூறு ரூபாய் என்றேன்.
பேரம் பேசவில்லை.

கப்பலிலிருந்து பார்த்த போர்ட் லூயிஸ்,
இரண்டு முழ நீளம்.
செம்புத் தகட்டில் ஊசியால் கீறி
அமிலத்தைக் கடிக்கவிட்டு எடுத்த ஊர்.
கூரைகளின் மேல் பொடி எண்கள், கீழே விளக்கம்:
ஒன்று கவர்னர் மாளிகை
ஏழு தானியக் கிடங்கு
பதினொன்று நாடகக் கொட்டகை.
மூலை மேகத்தில் பருத்த ஒருத்தி
நங்கூரத்தில் சாய்ந்து
மடியில் கரும்புக்கட்டோடு. வாணிபமாம்.
உள்ளங்கையைப் பார்த்தேன்,
வெட்டியவள் இல்லை.

துறைமேடையில் மூட்டையோடு ஒருவன்.
தலைப்பாகை. எண் கிடையாது.
மலை எவ்வளவு உயரம் என்று காட்ட
ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறது.

சட்டத்தைக் கழற்றியதும்
சுங்கச்சாவடியைத் தின்று முடித்த வெள்ளிப்பூச்சி
பாய்மரங்களுக்குள் ஓடி ஒளிந்தது.
அதைத் துரத்தும்போதுதான் உறைத்தது,
மலைகள் பக்கம் மாறி நிற்கின்றன.

கண்டதைக் கண்டபடியே தகட்டில் கீறியிருக்கிறான்.
தாளில் அழுத்தியதும்
ஊர் புரண்டு படுத்துவிட்டது.
சிக்னல் மலை இடப்பக்கம்,
பீட்டர் போத்தின் கல்தலை வலக்கோடியில்.
எழுத்துகளைத் திருப்பிப் பொறிக்க மட்டும்
ஞாபகம் இருந்திருக்கிறது.

'தப்பான படம், காசைத் திருப்பிக் கொடு'
என்றான் பக்கத்துக் கடை கூரப்பேன்,
டீயை வாணிபத்தின் மேல் வைக்கப் போனவன்.

லெ பூஸ். கட்டைவிரல் மலை.
தினமும் கடை திறக்கையில் நான் பார்ப்பது
வலக்கை விரல்.
இதில் இடக்கை.
மை தடவிக் காகிதத்தில் உருட்டுவது
அதைத்தான்.
நோட்டரி மேசைக்கு மேலே
மூன்று தலைமுறை தொங்கிய படம் இது.
இதன் அடியில் குனிந்து
எத்தனை பேர்
படிக்கத் தெரியாத பத்திரத்தில்
கைநாட்டு வைத்துவிட்டு
விரலைத் தலைமுடியில் துடைத்தபடி
வெயிலுக்குள் இறங்கினார்களோ.
நிமிர்ந்து பார்த்திருந்தால்
வானத்திலும் ஒன்று வைத்திருப்பது தெரிந்திருக்கும்.

குமாஸ்தாவிடம் சொல்லலாமா என்று யோசித்தேன்.
சொல்லவில்லை.
ஆணி அடித்து, பசைத்தாள் ஒட்டி,
கடைசியாய் ஒருமுறை துடைக்கையில்
அந்த ஆள்.
படத்தில் மூட்டை அவன் இடத்தோளில்.
அப்படியானால் அன்று, துறையில்,
வலத்தோளில்.

நூற்றைம்பது வருஷமாய்
அந்தத் தோளுக்கு ஓய்வு.
தப்பாகப் பொறித்தவன் நல்லாயிருக்கட்டும்.