ழகரம் கவனிக்கவும்

கொட்டாஞ்சேனை, ஜம்பட்டா வீதி, அச்சகத்து மேல்மாடி.
மின்விசிறி இரண்டு, ஓடுவது ஒன்று.
இருபத்தாறு வருடமாக இங்கே பிழை பிடிக்கிறேன்.
கலியாணக் கார்டு, செத்தவீட்டுக் கல்வெட்டு,
எப்போதாவது ஒரு நாவல்.

இது யதுர்ஷிகாவின் முதல் நாவல்.
இன்ஷூரன்ஸ் கந்தோரில் வேலை,
மூன்று வருடம் இராச்சாப்பாட்டுக்குப் பிறகு எழுதியதாம்.
கதையில் ஒரு நகரம். கடல் அதற்கு மேலே கிடக்கிறது,
மீன்களின் வயிற்றைப் பார்த்து நேரம் சொல்கிறார்கள்.
அக்கரையார் வந்தால் வாசலில் வாயைத் திறக்க வேண்டும்.
காவலன் இடுக்கியால் ஓர் எழுத்தைப் பிடுங்கி
போத்தலில் போட்டு மூடி
ரசீது எழுதிக் கொடுப்பான்.
இனி உள்ளே போகலாம், வாடகைக்கு அறை கிடைக்கும்.

அறுபத்தோராம் பக்கத்தில் நாயகி வாசலைக் கடக்கிறாள்.
அறுபத்திரண்டில் பிழைகள் தொடங்கின.
‘இரவெல்லாம் ஓட்டின்மேல் மை பெய்தது.’
மழை, என்று திருத்தினேன்.
‘வெயில் ஏற ஏற அவளுடைய நில் குறுகிக்கொண்டு வந்தது.’
நிழல்.
‘அயலோடு பகு, என்றாள் தாய்.’
பழகு, பிள்ளை, பழகு.
சிவப்புப் பேனை இரண்டு தீர்ந்தது.
இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ழகரமே வராது என்று
பிளேன்டீ கொண்டுவந்த றிஸ்மியிடம் சொன்னேன்.
‘ஒங்களுக்கு மட்டும் வருதா?
வாளப்பளம் எண்டுதானே கேக்கிறீங்க.’
கடைசித் தாளின் அடியில் எழுதிவைத்தேன்:
ழகரம் கவனிக்கவும்.

சனிக்கிழமை வந்தாள். நின்றபடியே தாள்களைப் புரட்டினாள்.
சத்தம் போடவில்லை.
‘அண்ணை, இவ்வளவையும்
எந்தப் போத்தலிலயிருந்து எடுத்தனீங்கள்?’

திரும்பவும் அறுபத்திரண்டுக்குப் போனேன்,
இந்தமுறை பேனை இல்லாமல்.
அந்தப் பெண்ணுக்குப் பின்னால் நிழல் விழவில்லை.
விழவேண்டிய இடத்தில் ஒரு குரல்
அவளோடேயே நடந்து வருகிறது:
நில்.

எனக்குத் தெரிந்த குரல்.
ஆமர் வீதிச் சந்தி, மண்மூட்டை, டோர்ச் வெளிச்சம்.
அட்டையை வாங்கிய பையன் வாசித்தான்: செலியன்.
அவன் மொழியில் அந்த எழுத்துக்கு இடமில்லை,
அதற்கு அவன் என்ன செய்வான்.
செழியன் என்று நான் சொல்லியிருக்கலாம்.
ஒவ் சேர், செலியன், என்றேன்.
போகச் சொன்னான். போனேன்.
ரசீது தரவில்லை.

பிடுங்க உட்கார்ந்தேன்.
போடுவதற்கு மூன்று நாள், எடுப்பதற்கு ஒன்பது.
வாழ், வா ஆயிற்று. நல்ல சொல்தான்,
கூப்பிடுவது யாரென்று தெரியும்வரை.
எழுத்து, எத்து ஆயிற்று.
தன் மொழியின் பெயரை ஒரே ஒருமுறைதான் எழுதியிருந்தாள்,
நூற்றித்தொண்ணூறாம் பக்கத்தில்.
கடைசி எழுத்து போனதும் மிஞ்சியது: தமி.
அகராதியில் அதற்குத் தனிமை என்றிருக்கிறது.
பேனையை மூடிவிட்டு முகம் கழுவப் போனேன்.
கண்ணாடியில் ஒரு வாசற்காவலன்,
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு.

வெளியீடு வெள்ளவத்தையில். அன்றைக்கு நல்ல மழை,
நாற்பது கதிரைக்குப் பத்தொன்பது பேர்.
கேள்வி நேரத்தில் ஒருவர் எழும்பினார்,
சுங்கத்தில் இருந்து ஓய்வுபெற்றவராம்.
‘இருநூற்று மூன்றாம் பக்கத்தில் ஒரு பிழை, தங்கச்சி.
அந்தப் பெண் வடைக்கு உழுந்து ஊறப்போடுகிறாள்.
அந்த ழ எங்கால வந்தது?’

நான் கடைசி வரிசையில் குனிந்து
சரியாகவே இருந்த செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

யதுர்ஷிகா பக்கத்தைத் தேடி எடுத்தாள்.
கொஞ்சநேரம் பார்த்தாள்.
‘வரி கட்டாமல் ஆரோ உள்ள வந்திருக்கினம்,’ என்றாள்.
‘இருக்கட்டும்.’