நடுவில் டயர்

படத்தை ஜன்னலில் பிடித்தார் டொக்டர்.
பின்னால் துறைமுகம்.
எலும்புக்கும் எலும்புக்கும் இடையில்
ஒரு நூல் வெளிச்சமும் இல்லை.

இறங்குதுறையில் டயர் கட்டுவது என் வேலை.
தேய்ந்தால் லாஞ்சும் கொங்கிரீட்டும் கறகறக்கும்.
அப்படியா, என்றேன்.
அப்படியேதான்.

தொண்ணூற்றெட்டில், மூதூர் லாஞ்ச் அணைகையில்
நடுவில் அகப்பட்டுத் திருகிய முழங்கால்.
நொண்டல் மூன்று மாதத்தில் போனது.
போனதென்றுதான் நினைத்திருந்தேன்.

நாற்பத்தொன்பது வயது. மூட்டு மாற்ற
இன்னும் பத்து வருஷம் பொறுக்கட்டாம்.
அதுவரை ஊசி, சோறு பாதி,
மிஸ் தர்ஷிகாவின் தொடைப்பயிற்சி இருபது தரம்.

கன்னியாச் சுடுதண்ணி ஊத்தலாமா மிஸ்?
ஊத்துங்க, சுகமா இருக்கும்.
டயர் முளைக்காது.

நேற்று அஸருக்குப்
பள்ளியில் கதிரை கேட்டு வாங்கினேன்.
ஸுஜூதில் குனிந்தபோது
நிலம் தள்ளி நின்றது,
கயிறு எறியும் தூரத்தில்.