நானூறு ரூபாய்க் கிராமம்

தில்லி கண்டோன்மென்ட்டுக்குள் ஒரு கிராமம் கட்டியிருக்கிறார்கள்.
பதினோரு தகர வீடு, தண்ணீர் வராத கிணறு,
எந்த நாட்டிலும் இல்லாத ஊருக்கு
ஒரு பெயர்ப்பலகை.

தலைக்கு நானூறு ரூபாய், பூரிப் பொட்டலம்.
மெட்ராஸிகளாகப் பார்த்துக் கூட்டிவரச் சொன்னாராம் மேஜர்.
இந்திக்காரி கத்தினால் பையன்களுக்குப் புரிந்துவிடும்.
போகிற நாட்டில் ஒன்றும் புரியாது.
அதனால் நாங்கள்.

"என்ன பேசணும் சார்?"
"எதுவும் பேசலாம். சத்தமாக.
அழுதால் இன்னும் நல்லது."

ஜனவரி. பனிக்குள் விமானங்களின் சத்தம் மட்டும்.
நீலத் தொப்பிகள் வரிசையாக வருகின்றன.
துப்பாக்கி வாய் தரையைப் பார்க்க வேண்டும்,
கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும்,
உள்ளங்கை தெரியக் கை நீட்ட வேண்டும்.
விடிந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு
எங்களுக்கும் மனப்பாடம்.

முதல் சுற்றில் வெங்காய விலையைச் சொல்லிக் கதறினேன்.
இரண்டாவதில் பூங்காவனம்
ஒரு சிப்பாயின் காலைக் கட்டிக்கொண்டு
தன் புருஷனைத் திட்டித் தீர்த்தாள்.
முந்தானைக்குள் சிரித்தோம்.
"பகுத் அச்சா" என்றார் மேஜர்.

மூன்றாவது சுற்று, சோதனைச் சாவடி.
என் கையில் துணி சுற்றிய பொம்மை.
என்ன வந்ததோ, வாய் தானாகப் போனது:

"வாய்க்கா ஓரமா இருந்துச்சு எங்க வீடு.
காலையில ஏழு மணிக்கு ஜேசிபி வந்துச்சு.
இப்படித்தான் வரிசையா நின்னாங்க, தடியோட.
அடுப்புல உலை கொதிச்சுக்கிட்டிருந்துச்சு.
எறக்க விடலப்பா.
இப்ப நரேலால தூக்கிப் போட்டிருக்காங்க,
பையன் பள்ளிக்கூடம் போக மூணு பஸ்ஸு..."

எதிரே நின்றவன் நெஞ்சில் பெயர்ப்பட்டை.
எழுத்துக் கூட்டிப் படித்தேன்: சுடலைமுத்து.

விதிப்படி அவனுக்கு என் மொழி தெரியாது.
விதிப்படி அவன் வலப்பக்கம் திரும்பி
மொழிபெயர்ப்பாளராக நடிக்கும் ஹவில்தாரிடம்
"க்யா போல் ரஹீ ஹை?" என்றான்.
ஹவில்தார் கையிலிருந்த தாளைப் பார்த்து
வாசித்தார்:
அவளுக்குத் தண்ணீர் வேண்டுமாம்.

இடுப்பிலிருந்த பாட்டிலைக் கழற்றி நீட்டினான்,
உள்ளங்கை தெரிய.
வாங்கிக் குடித்தேன்.
தாகமாகத்தான் இருந்தது.

மேஜர் அட்டையில் எதையோ டிக் அடித்தார்.
எல்லோரும் பழைய இடத்துக்குத் திரும்பினோம்.
என்னைத் தாண்டிப் போகும்போது,
தலையைத் திருப்பாமல்,
உதடு அசைவது தெரியாமல்,
"உலை என்னாச்சுக்கா?" என்றான்.

அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.
பொம்மைக்குத் துணியை
இறுக்கிச் சுற்றினேன்.