அரை சதவீதம்

பீரியாடிக் ஆசிட் என்று இண்டென்ட் எழுதினால்
ஸ்டோர்ஸ் தெய்வேந்திரன் கேட்கிறார்:
"மாசாமாசமா மேடம், மூணு மாசத்துக்கு ஒருக்காவா?"
தவணைக் கணக்கு இல்லை சார்.
பெர், அயோடிக். நடுவில் ஒரு மூச்சு விடணும்.
புண்ணுக்குத் தடவுகிற அதே அயோடின்தான்,
தூக்க முடிந்த மட்டும் ஆக்ஸிஜனைத் தூக்கிக்கொண்டு
அமிலமாகி நிற்கிறது.
"ஓஹோ" என்று எழுதிக்கொண்டார்:
காலாண்டுக்கு ஒன்று.

பழுப்புக் குப்பி. உள்ளே வெள்ளைப் பரல்.
லேபிளில் ஒரு வட்டம், வட்டத்தின் தலையில் தீ.
தான் எரியாது,
பக்கத்தில் இருப்பதை எரியவிடும், கோள்சொல்லி போல.
மூடியைச் சரியாகத் திருகாவிட்டால்
கோரிப்பாளையத்துக் காற்றின் கொஞ்சநஞ்ச ஈரத்தையும்
குடித்துவிட்டுக் கட்டிதட்டிக் கிடக்கும்.

அரை கிராம். நூறு மில்லி வடிநீர்.
மொத்தச் சமையலும் அவ்வளவுதான்.
கலக்கிய பிறகு
தண்ணீருக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்ல
குடுவையில் ஒட்டிய என் கையெழுத்துதான் சாட்சி.

இன்றைக்கு எண் 1147.
ஒச்சுக்காளை, ஆண், 34, செக்கானூரணி.
ஊசி கவ்வி வந்த சிறுநீரகம்
ஒடித்த சேமியா நீளம்.
மெழுகில் புதைத்துச் சீவினால் இரண்டு மைக்ரான்.
மின்விசிறியை நிறுத்தச் சொல்லித்தான் சீவுவேன்,
மே மாதத்திலும்.
ஸைலீனில் மெழுகு கரைந்து
ஆல்கஹாலில் படிப்படியாக இறங்கி
கடைசியில் இந்தக் குடுவைக்கு வருகிறார் ஒச்சுக்காளை.
பத்து நிமிடம்.

அந்தப் பத்து நிமிடமும் பார்க்க ஒன்றும் இருக்காது.
வடிகட்டும் சவ்வில் சர்க்கரை கோத்திருக்கும்;
அடுத்தடுத்த இரண்டு கரி அணுக்கள்
ஆளுக்கொரு ஹைட்ராக்ஸிலைச் சுமந்தபடி கைபிடித்திருக்கும்.
அமிலம் அந்தப் பிடியை அறுக்கிறது.
அறுந்த முனை இரண்டும் ஆல்டிஹைடு.
அங்கேயே நின்றுவிடுகிறது.
மேலே போகத் தெரிந்தவை உண்டு,
பெர்மாங்கனேட்டை விட்டால் அறுத்த முனையையும் தின்னும்.
இது
போதும் என்று தெரிந்த கத்தி.

அடுத்து ஷிஃப். ஃப்ரிட்ஜில் கிடக்கும்,
நிறம் பிடுங்கப்பட்ட சாயம்.
பதினைந்து நிமிடம் இருட்டில்.
பிறகு வெதுவெதுப்பான குழாய்த் தண்ணீர்,
ஓடும் தண்ணீர், என்கிறது புத்தகம்.
புத்தகம் எழுதியவர் மதுரையில் குழாய் திறந்ததில்லை.

மோட்டார் காயில் போய்விட்டது.
பாக்கியசீலி மாடித் தொட்டியிலிருந்து வாளியில் மொண்டு வந்தாள்.
கத்திரி வெயில், வெதுவெதுப்புக்குக் குறையில்லை.
மக்கை ஒருச்சாய்த்து
நூலாக ஊற்றினேன், கை கடுக்க.
மூன்றாவது மக்கில்
கண்ணாடியில் ஒரு கீற்று சிவந்தது.
ஐந்தாவதில் கோழிக்கொண்டை.
நிறமில்லாதது அறுத்த இடத்தை
நிறம் இழந்தது கண்டுபிடித்துவிட்டது.
பூஞ்சையின் சுவரும் இப்படித்தான் மாட்டும்,
கல்லீரலில் பதுங்கிய சர்க்கரையும்.

லென்ஸுக்கு அடியில் வளையம் வளையமாக,
இழை பிரியாத ஊதாச் சிவப்புக் கோடு.
மெல்லியதாகத் தெரிந்தது.
தெரிந்தது என்றுதான் சொல்லலாம்,
முடிவு எழுதுவது என் வேலை இல்லை.

வெளியே பெஞ்சில்
தூக்குவாளியோடு ஒரு பெண் எழுந்தாள்.
"செக்கானூரணி ஆளுக்கு... வந்துருச்சாம்மா?"
டாக்டர் சொல்வாங்க அக்கா.
அவள் என் முகத்தை விட்டுவிட்டு விரலைப் பார்த்தாள்.
"மருதாணியா?"
சாயம்.
"கழுவுனாப் போகாதா?"
நாலு நாள் ஆகும்.
அவள் அந்தச் சிவப்பை
வாசித்துவிட முடியும் என்பதுபோல் பார்த்துக்கொண்டே நின்றாள்.
நான் கையை மடக்கவில்லை.

குப்பியில் மிச்சம் மூன்று கிராம்.
ஆறு குடுவை.
அடுத்த காலாண்டுக்கு
இன்னும் அறுபத்தெட்டு நாள்.