கால்

பீச் மர ஏணியிலிருந்து விழுந்தவரின் தொடையெலும்பு
ஃப்ரெஸ்னோவில், மூன்றாம் அறுவை அறையில்,
திறந்து கிடக்கிறது.
டாக்டர் தஷ்ஜியானின் கால் நீள்கிறது
எக்ஸ்ரே பெடலைத் தேடி.

"வேண்டாம்" என்கிறேன்.
ஈய அங்கிக்குள்ளிருந்து என் குரல்
எனக்கே சின்னதாய்க் கேட்கிறது.
"உங்கள் கதிர் உரிமம்
வியாழனோடு முடிந்துவிட்டது, டாக்டர்."

கத்திக்கு உரிமம் இருக்கிறது.
துளைக்க, முடுக்க, தைக்க,
வெளியே காத்திருப்பவளிடம் போய்
மரணத்தைச் சொல்லக்கூட.
ஒரு மிதிக்கு இல்லை.
என்னிடம் இருக்கிறது:
பர்ஸில், கசங்கிய பேருந்துச் சீட்டோடு.

மயக்க மருந்துக்காரர் கூரையைப் பார்க்கிறார்.
மானிட்டர் மட்டும் யார் பக்கமும் சேராமல்
பீப், பீப்.

ஆர்மீனிய மொழியில் ஒரு வசவு.
பிறகு, சூடு கண்ட பூனையாய்,
கால் பின்வாங்குகிறது.
"ஷெங், நீயே மிதி."

மிதித்தேன். இரண்டு நொடி.
சாம்பலில் எலும்பு வந்தது,
ஆணி இம்மியளவு தள்ளி.
"இன்னொரு தடவை."

மாலை கேன்டீனில்
தேர்வுப் புத்தகத்தோடு எதிரே வந்து உட்கார்ந்தார்.
என் சிப்ஸில் ஒன்றைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு,
"தூரம் இரட்டித்தால் கதிர்?"

"கால் பங்கு" என்றேன்.

மேசைக்கடியில் அவருடைய வலது பாதம்
இன்னும் எதையோ
துழாவிக்கொண்டிருந்தது.