இதர

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிக் கிடக்கிறது.
சரக்கு வண்டிக்கு அவசரம் என்று ஒன்று கிடையாது.
இந்தப் பக்கம், கால்வாய்ப் பாலத்தடியில்,
ராத்திரி யாரோ வைத்துவிட்டுப் போன மூட்டை.

‘யாரோ’ என்று போட மிஷினில் இடமில்லை.
பெயர் வேண்டும், விலாசம் வேண்டும், குற்றத்தின் எண் வேண்டும்.
கையுறை மாட்டி முடிச்சை அவிழ்க்கிறேன்.
பதினோரு வருஷ சர்வீஸில்
எத்தனையோ வீடுகளுக்குள் இப்படித்தான் போயிருக்கிறேன்,
அடியிலிருந்து.

வஞ்சிரத்தின் செவுள். சங்கராவின் செதில்,
ஒட்டினால் உதறினாலும் போகாது.
இன்சுலின் ஊசி இரண்டு, மூடி போட்டபடி.
எடுப்பவர் கையில் குத்தக்கூடாதென்று
யாரோ நினைத்திருக்கிறார்கள்.
பத்தாம் வகுப்புக் கணக்குத்தாள் ஒன்று,
நான்காய் மடித்து, எட்டாய் மடித்து, அப்புறம் கசக்கியது.
சிவப்பில் முப்பத்து நாலு.
அதற்கும் கீழே, ஈரத்தில் ஊறிய கேஸ் ரசீது.
விலாசம் கிடைத்துவிட்டது.

ரசீதைப் படம் எடுத்தேன். செவுளைப் படம் எடுத்தேன்.
கணக்குத்தாளை எடுக்கவில்லை.
அது ஏன் என் பைக்குள் போனது என்று
இப்போதும் எனக்குச் சரியாகத் தெரியாது.

“நம்ம மீன் வெட்டுற அம்மாவாச்சே மேடம்” என்றார்
பேட்டரி வண்டி யேசுபாதம்.
சொல்லிவிட்டு வண்டியில் தூசி தட்டத் தொடங்கினார்.

மாடிப்படிக்கு அடியில் ஒற்றை அறை.
பேரு?
“குப்பம்மா.”
புதிதாய்ச் சேர்ந்த பையன் சிரித்துவிட்டான்.
அந்தம்மா அவனைப் பார்த்தே சொன்னாள்:
“எனக்கு முந்தி மூணு. மூணும் தங்கல.
நான் பொறந்ததும் குப்பையில போட்டுப் பொரட்டி
தவுட்டுக்கு வாங்கிக்கினாங்க.
குப்பைய எமன் தொடமாட்டானாம்.
எமனே தொடாதத நீ வந்து தொடுறியே, கண்ணு.”

பையன் செருப்பைப் பார்த்தான்.
நான் தட்டச்சு செய்தேன்: கு, ப், ப...
குப்பை கொட்டியவர் என்ற கட்டத்துக்கு நேரே
அந்தப் பெயர் ஏறியது.

“உங்க வண்டி பத்து மணிக்கு வருது.
நான் விடிகாலை மூணுக்கே காசிமேட்டுல நிக்கணும்.
மீன்குடல வூட்டுல வெச்சா ஓனரு கத்துறாரு.
சரி, அத வுடு.”
ஜன்னல் விளிம்பில் ஒரு விரலை இழுத்து
என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.
கருப்பு. மை தொட்டது போல.
“நேத்து சாயங்காலம்தான் தொடச்சேன்.
இதுக்கு இன்னா ரேட்டு போடுவ?”

பட்டியலைத் தள்ளிப் பார்த்தேன்.
இல்லையென்று தெரிந்தும் தள்ளிப் பார்த்தேன்.
எச்சில் துப்புதல். கட்டட இடிபாடு.
தரம் பிரிக்காத குப்பை. கடைவாசலில் தொட்டி இன்மை.
கடைசியில் ‘இதர’.
அழுத்தினால் அதுவும் பெயர் கேட்கிறது.
மொட்டைமாடிக்கு ஏறினால் தெரியும் வடக்கே,
சிவப்பும் வெள்ளையும் பட்டை போட்ட அந்தப் புகைபோக்கி.
அது எந்த மூட்டைக்குள்ளும்
கேஸ் ரசீதை விட்டுவைப்பதில்லை.
பின்னுக்குப் போகும் பொத்தானை அழுத்தினேன்.

ஐநூறு.
முந்நூறு நோட்டாக, மீன் வாசனையோடு.
மீதியை உள்ளிருந்து வந்த மகன் போனில் அனுப்பினான்.
அனுப்பும்போது என் பையைப் பார்த்தான்.
ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது, சதுரக்கட்டம் போட்ட தாள்.
அவன் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான்.
நான் ஜிப்பை இழுத்து மூடினேன்.

ரசீதை அந்தம்மா அதே விரலால் வாங்கினாள்.
இந்த மிஷின் தாளில் எழுத்து நிற்காது,
ரெண்டு மாசத்தில் வெளுத்துவிடும்.
கருப்பு ரேகை இருக்கும்.

இன்றைக்கு இன்னும் பதினொன்று போட்டாக வேண்டும்.
கேட் திறக்கவில்லை. வண்டியில் உட்கார்ந்து
தாளை முழங்காலில் வைத்து நீவினேன்.
பெற்றோர் கையொப்பம், காலி.
சும்மா கூட்டினேன், பக்கம் பக்கமாக.
மறுபடி, விரல் விட்டு.
மூன்றாம் பக்கத்து ஒரு மார்க்கைக்
கூட்ட விட்டிருக்கிறார்கள்.

முப்பத்தைந்து.

கேட் தூக்கியாயிற்று. பின்னால் ஹாரன்.
“எங்க மேடம் போகணும்?” என்கிறார் யேசுபாதம்.